மாப்பிள்ளை விதியும் ஒரு விலகல் கடிதமும்

முப்பத்து மூன்று வயதில் ஓய்வு பெற்றவன் என்று சொன்னால் கல்முனைக் கடைத்தெருவில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நான் இரண்டு தரம் ஓய்வு பெற்றவன். முதலில் உதைபந்தை விட்டேன், பிறகு பந்தடிப்பவர்களை விட்டேன். எட்டு வருடம் ஆடினேன், நாலு வருடம் ஆட வைத்தேன். வயிற்றுக்கு நெல் களஞ்சியத்தில் எழுதுவினைஞர் வேலை. அந்த வேலை இப்போது என்னை இறக்காமத்துக்கு மாற்றிவிட்டது. அங்கே பின்னேரத்தில் ஓடுவதென்றால் யானைக்குப் பயந்துதான் ஓட வேண்டும்.

போன கிழமை, என் இடத்துக்கு வந்த புதிய மெனேஜரிடம் விசிலையும் பந்துப் பையையும் கொடுக்க நிந்தவூர் மைதானத்துக்குப் போனேன். பொடியன்கள் சுற்றி வளைத்துக்கொண்டார்கள். எங்கள் கரையோர ஊர்களுக்கிடையே போட்டி நடத்தும் சபை இந்த வருடம் ஒரு பழைய விதியை எடுத்துவிட்டது. இனி எவனும் விரும்பிய கழகத்தில் பெயர் பதியலாம். அண்ணனைக் காக்கா என்று கூப்பிடும் ஊர். ஒருவன் நம்ப முடியாமல் கேட்டான்.

"காக்கா, மெய்யாவா? கலியாணம் முடிச்சா டீம் மாறணுமாம்?"

மெய்தான். எங்கள் கரையில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகிறான். வீடும் வளவும் பெண்ணுக்கு. நிக்காஹ் முடிந்தால் அவன் அந்த ஊர் ஆள், அந்த ஊர்ப் பள்ளிவாசலில் அவன் பெயர் ஏறிவிடும். சபை அதை அப்படியே எடுத்து விதியாக எழுதி வைத்திருந்தது. வீரன் குடியிருக்கும் ஊருக்கே ஆட வேண்டும். ஊர் மாறினால் பழைய கழகத்தின் மெனேஜர் கையெழுத்து வைத்த விலகல் கடிதம் வேண்டும். கடிதம் இல்லாதவன் எந்த ஊருக்கும் ஆட முடியாது. வெளிநாட்டில் காசு கொடுத்து வீரர்களை வாங்குகிறார்கள் என்று பத்திரிகையில் படிப்போம். நாங்கள் பெண் கொடுத்து வாங்கினோம். ஊரில் இதற்கு மாப்பிள்ளை விதி என்று பெயர்.

பொடியன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்களுக்கு முழுக்கதையும் சொல்ல நேரம் போதவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

நான் கல்முனையில் பிறந்தவன். பந்தடிக்கப் பழகியது கடற்கரை மணலில். மணலில் ஓடியவனுக்குத் தரையில் ஓடுவது பறப்பது மாதிரி. பள்ளிக்கூட அணி, பிறகு ஊர் அணி, இருபது வயதில் கோல் போடும் சென்டர் போவட். இவ்வளவுதான் என் பயிற்சிக் காலம். மிச்சம் எல்லாம் தங்கராசா அண்ணன்.

தங்கராசா அண்ணன் எங்கள் மெனேஜர். தபாற்கந்தோரில் கடிதம் பிரிப்பவர், கடற்கரைப் பக்கத்து மீன்பிடிக் குடும்பத்தில் வந்தவர். நல்ல வார்த்தை சொல்லத் தெரியாத மனிதர். ஒரு ஆட்டத்தில் நான் மூன்று கோல் போட்டேன். முடிந்ததும் பக்கத்தில் வந்து, நாலாவதை ஏன் வெளியே அடித்தாய் என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். பிடிவாதத்துக்கும் குறைவில்லை. ஒரு அரையிறுதியில் கச்சான் காற்று இடைவேளையோடு விழுந்துவிடும் என்று அடம்பிடித்து, முதல் பாதியில் காற்றை எங்களுக்குச் சாதகமாக எடுத்தார். காற்று விழவில்லை. இரண்டாம் பாதியில் நாங்கள் அடித்த பந்தெல்லாம் எங்கள் முகத்துக்கே திரும்பி வந்தது. தோற்றோம். அதற்காக அவர் காற்றைத்தான் திட்டினார்.

ஆனால் அவரிடம் சில ஒழுங்குகள் இருந்தன. பதினோரு ஜேர்சியையும் அவரே துவைப்பார். ஆட்டத்தன்று பெயர்ப் பட்டியல் வாசிக்க மாட்டார். மடித்து வைத்த ஜேர்சியை ஒவ்வொருவன் மடியிலும் வைத்துக்கொண்டு போவார். மடியில் விழுந்தால் ஆடுகிறாய். விழாதவன் அந்த நேரத்தில் திடுக்கிட்டு நான் பார்த்ததேயில்லை. ஏனென்று பல நாள் எனக்குத் தெரியாது. ஒருநாள் என்னையே நிறுத்தினார். அன்று காலையில் சைக்கிளை எங்கள் வேலி வாசல் கடப்படியில் சாத்திவிட்டு உள்ளே வந்து, என் உம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்து முடித்துச் சொன்னார்.

"ஹலீம், இண்டைக்கு நீ இல்ல. காலு பாரமா இருக்கு உனக்கு. மற்ற ஆக்களுக்கு முதல் நீ அறியணும் எண்டு வந்த."

அவ்வளவுதான். ஏறிப் போய்விட்டார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் பின்னேரம் மைதானத்தில் யார் முகத்துக்கு முன்னும் நான் வெட்கப்படவில்லை.

இருபத்தைந்தில் எனக்குக் கலியாணம், நிந்தவூரில். பெண் பிடித்திருந்தது. எதிரணிக்கு ஆட வேண்டும் என்பதுதான் தொண்டையில் முள். அந்த வருடம் காலிறுதிக்கு இரண்டு கிழமை இருந்தது. கடிதத்தைப் போட்டி முடியும் மட்டும் இழுத்தடிக்கும்படி கல்முனை ஆட்கள் தங்கராசா அண்ணனிடம் சொன்னார்களாம். அப்படி இழுப்பது அன்று எல்லாக் கழகத்திலும் நடந்ததுதான். அவர் நிக்காஹ் வீட்டுக்கு வந்தார், வெள்ளை வேட்டி, கையில் பரிசுப் பெட்டி. சர்பத் குடித்தார். சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து என் கையில் தந்தார். கையெழுத்தின் மை நன்றாகக் காய்ந்திருந்தது. முதல் நாளே வைத்திருக்கிறார். பிறகு, என்னிடமிருந்த ஒன்பதாம் இலக்க ஜேர்சியைக் கொடுத்தனுப்பச் சொன்னார், துவைக்க வேண்டுமாம். மணக்கோலத்தில் இருந்தவனிடம் கேட்கிற காரியமா அது.

இரண்டு கிழமை கழித்து, அந்தக் காலிறுதியில், கல்முனைக்கு எதிராக ஒரு கோல் போட்டேன். என்னைத் தூக்கி வளர்த்த சனம் என்னைப் பார்த்துக் கூவியது. எனக்குத் தெரிந்த மாமாமார், கூடப் படித்தவர்கள், மீன் வாங்கும் ஆள் கூட. தங்கராசா அண்ணன் மட்டும் கைகட்டி நின்றார். ஆட்டம் முடிந்து பக்கத்தால் போகையில், வலதுகாலால் அடித்திருந்தால் இன்னும் சுகமாகப் போயிருக்கும் என்றார்.

நிந்தவூருக்கு மூன்று வருடம் ஆடினேன். பிறகு முழங்கால் போய்விட்டது. ஒரு நாள் ஓட்டத்தில் சட்டென்று திரும்பிக் கிறுகினேன், உள்ளே ஏதோ அறுந்தது. அதன் பிறகு இரண்டு வருடம் எந்த மைதானத்திலும் ஆட்டம் இல்லை. அது சண்டைக் காலம், ஏன் என்று இந்தக் கரையில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. கல்முனையில் என்னோடு ஆடிய கூட்டாளி ஒருவன் அந்த நாட்களில் சுவிசுக்குப் போய்ச் சேர்ந்தான். அங்கிருந்து எழுதினான். அந்த ஊரில் ஒரு ஆட்டம் பார்க்கப் போனானாம். பனிக்குளிரில் சென்டர் போவட்டாக ஆடுகிற மனிதர்தான் அந்த அணியின் மெனேஜருமாம். கடைசிக் கால் மணி நேரத்தில் தன்னைத் தானே வெளியே எடுத்து, நீளக் கோட்டை மாட்டிக்கொண்டு, மைதான எல்லைக்கு வெளியே நின்று கத்தினாராம். 'உன்ன நினைச்சன்' என்று முடித்திருந்தான். அந்தக் கடிதத்தை எத்தனை தரம் வாசித்தேன் என்று தெரியாது. மைதானம் திறந்த கிழமையே கழகச் செயலாளர் மஜீத் காக்காவிடம் போய், மெனேஜர் வேலையைத் தாருங்கள் என்று கேட்டேன். அவர் நெல் ஆலைக்காரர். எதையும் கையில் எடுத்து நிறை பார்ப்பவர். என்னையும் மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தந்தார்.

முதல் வருடம் நான் செய்த பிழைகளை எழுதினால் தாள் போதாது. ஒன்று மட்டும். பெயர்ப் பட்டியலைத் தேத்தண்ணிக் கடைச் சுவரில் ஒட்டினேன், நவீனமாக. ஒரு பொடியன் தன் பெயர் இல்லாததை வாப்பாவோடு நின்று வாசித்தான். அவன் பிறகு மைதானத்துக்கே வரவில்லை. அடுத்த ஆட்டத்திலிருந்து நானும் சைக்கிளை எடுத்தேன்.

இனி நௌஷாத்தின் கதை.

நௌஷாத் எங்கள் சென்டர் போவட். வயது இருபத்திரண்டு. நான் செய்ததெல்லாம் அவனுக்குத் தானாக வந்தது. கோல் காக்கும் கோலியின் கண்ணைப் பார்க்காதே, எந்தக் காலில் பாரம் நிற்கிறது என்று பார் என்று ஒரு தரம் சொன்னேன், மறுதரம் சொல்லத் தேவை வரவில்லை. எங்களை இறுதியாட்டத்துக்குக் கொண்டு வந்தவன் அவன்தான். நிந்தவூர் அதுவரை கோப்பையைத் தொட்டதில்லை. எதிரணி கல்முனை. அதன் மெனேஜர் அப்போதும் தங்கராசா அண்ணன்.

இறுதியாட்டம் ஞாயிற்றுக்கிழமை, கல்முனை மைதானத்தில். அதற்கு முன் வெள்ளிக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு நௌஷாத்துக்கு நிக்காஹ், கல்முனையில். நாள் குறித்தது ஆறு மாதத்துக்கு முன், அப்போது இறுதியாட்டத்தை யார் கண்டது. வெள்ளி பின்னேரம் தொட்டு அவன் கல்முனை ஆள். எங்களுக்கு ஆட முடியாது, அது முடிந்த கதை. நான் கடிதத்தில் கையெழுத்து வைத்தால் ஞாயிறு எங்களுக்கு எதிராக ஆடுவான். வைக்காவிட்டால் வெளியே நின்று பார்ப்பான். எல்லாம் என் பேனையில் வந்து நின்றது.

மஜீத் காக்கா வியாழன் காலை களஞ்சியத்துக்கே வந்துவிட்டார்.

"கையெழுத்து வைக்க வேணாம் எண்டு நான் சொல்லல்ல. மறந்து போங்க எண்டு சொல்றன். மனிசன் மறக்கிறது குத்தமா?"

"அவன் நம்மட பொடியன், காக்கா."

"நாளைக்குப் பின்னேரம் வரைக்கும்தான் நம்மட பொடியன். கோப்ப வரல்லெண்டா மெனேஜரும் வேற ஆளத்தான் பாக்கணும். யோசிங்க."

யோசித்தேன். பொய் சொல்லவில்லை, கோப்பையைத்தான் யோசித்தேன். கடிதத்தை எழுதினேன், திகதி போட்டேன், கையெழுத்து இடத்தை வெறுமையாக விட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மாப்பிள்ளைக் கூட்டத்தோடு கல்முனைக்குப் போனேன். கேட்டால், பேனை கொண்டு வர மறந்துவிட்டேன் என்று சொல்லலாம்.

பெண் வீட்டு வளவு நிறையச் சனம். தங்கராசா அண்ணனும் வந்திருந்தார், அதே வெள்ளை வேட்டி. மாட்டிறைச்சி சாப்பிடாத அவருக்காகவே கோழிக்கறி போட்ட ஒரு சஹன் தட்டு தனியாக வந்தது. ஒரே தட்டைச் சுற்றி அவர், நான், கல்முனைப் பொடியன்கள் நாலு பேர். நான் கடிதத்தைப் பற்றி அவர் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் எனக்குச் சுகம், பொய் தயாராக இருந்தது. அவர் கேட்கவேயில்லை. தன் பக்கத்து இறைச்சித் துண்டை என் பக்கம் தள்ளிவிட்டு, முழங்கால் மழைக்கு நோகிறதா என்று விசாரித்தார்.

விவாகப் பதிவுகாரர் புத்தகத்தை விரித்தார். நௌஷாத் குனிந்து கையெழுத்து வைத்தான். நிமிரும்போது கூட்டத்தில் யாரையோ தேடினான். என்னைக் கண்டதும் நின்றது அவன் பார்வை. கேட்கிற பார்வை இல்லை. பந்து வரும் என்று நம்பி ஓடத் தொடங்கியவன் ஒரு தரம் கிறுகிப் பார்ப்பானே, அந்தப் பார்வை. எட்டு வருடம் நான் அப்படிப் பார்த்திருக்கிறேன். பந்து வராவிட்டால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

நான் எழும்பிப் போய்ப் பதிவுகாரரிடம் பேனையை வாங்கினேன். அந்த மேசையிலேயே கையெழுத்து வைத்து, ஈர மையோடு தங்கராசா அண்ணனிடம் கொடுத்தேன். அவர் ஊதிக் காயவைத்து மடித்தார். நன்றி சொல்லவில்லை.

விஷயம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். முடியவில்லை. கை கழுவப் போன இடத்தில் தங்கராசா அண்ணன் என்னை ஓரமாக இழுத்தார். இத்தனை வருடத்தில் அவர் முகத்தில் அப்படியொரு கலக்கத்தை நான் கண்டதில்லை.

"தம்பி, ஒரு சிக்கல். பெண்ட தாய் விடமாட்டன் எண்டு நிக்கிறா. புது மாப்பிள ஏழு நாளைக்குக் கடப்புத் தாண்டப்படாதாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு ஊர், இரண்டு மெனேஜர், ஒரு செயலாளர், எல்லோரும் ஒரு கடிதத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறோம். மாமியாரிடம் ஒருவரும் கேட்கவில்லை.

"நான் பிற ஆள். உள்ளுக்குப் போய்க் கதைக்க எனக்குச் சரிவராது. நீ மாப்பிள வீட்டு ஆள்." அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, தண்ணீர் வாளியைப் பார்த்தார். "உன்னால ஏலாட்டி விடு. எனக்கு விளங்கும்."

இப்போது நான் ஒன்றும் மறக்கவும் தேவையில்லை, பொய் சொல்லவும் தேவையில்லை. சும்மா வீட்டுக்குப் போனால் போதும், கோப்பை பாதி எங்களுக்கு. மஜீத் காக்கா பந்தலில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கதவடிக்குப் போனேன்.

பெண்ணின் தாய் சுலைகா மாமி திரைக்குப் பின்னால் நின்றார். குரல் மட்டும் வந்தது, நல்ல தெளிவான குரல். ஏழு நாள் வழக்கத்தைச் சொன்னார். வெயிலைச் சொன்னார். சனத்தின் கண்ணூறைச் சொன்னார். பிறகு திரை கொஞ்சம் அசைந்தது.

"தம்பி, நீங்க நடந்து வரக்குள்ள பாத்த நான். அந்தக் காலு பந்தடிச்சித்தானே இப்பிடி? காலொடிஞ்ச மருமகன வெச்சிக்கி நான் என்ன செய்ற?"

அது நியாயமான கேள்வி. என்னிடம் இருந்த ஒரே உண்மையைச் சொன்னேன்.

"மாமி, ஞாயித்துக்கிழம நான் எதிர்ப் பக்கம். அவர் விளையாடாட்டி வெல்றது நான்தான். என்ட வேலையும் மிஞ்சும். அப்பிடியிருந்தும் வந்து கேக்கன்."

உள்ளே பெண்கள் கிசுகிசுத்தார்கள். மாமி யாரிடமோ, இவருக்குத் தலை சுகமா என்று கேட்பது எனக்குக் கேட்டது. மணப்பெண்ணாக இருக்க வேண்டும், ஒரு இளங்குரல், அனுப்புங்க உம்மா என்று மெல்லச் சொன்னது.

"சரி. பொழுதுபட்டு மஃரிப் பாங்கு சொல்ல முதல் ஆள் வீட்ட நிக்கணும். பின் கடப்பால வரணும். காலுல ஒரு கீறல் இரிக்கப்படா. கீறல் இரிந்தா நான் அவரிட்டக் கேக்க மாட்டன், அந்தப் பெரியவரிட்டயும் கேக்க மாட்டன். ஒங்களிட்டத்தான் கேப்பன்."

ஓம் என்றேன். திரும்பி வரும்போதுதான் விளங்கியது. எங்கள் ஸ்டொப்பர் இஸ்மாயில், ஆறடி உயரம், வள்ளம் தள்ளிய கால். எதிரணி போவட்டைக் கோட்டுக்கு வெளியே தூக்கிப் போடுவதற்குத்தான் அவனை வைத்திருந்தோம். அவன் கையிலிருந்து நௌஷாத்தைக் காப்பாற்றும் பொறுப்பு இப்போது எனக்கு.

ஞாயிறு பின்னேரம் இஸ்மாயிலின் மடியில் ஜேர்சியை வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன். பந்தை எடு, ஆளைத் தொடாதே. அவன் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

"காக்கா, பந்தும் அவன்ட கால்லதானே இரிக்கும்?"

ஆனால் அன்று அவன் ஆடியதைப் போல் ஒரு ஸ்டொப்பர் ஆடி நான் கண்டதில்லை. இடிக்க முடியாதவன் யோசிக்கத் தொடங்கினான். நௌஷாத் கிறுகப் போகும் இடத்தில் முன்கூட்டியே போய் நின்றான். பந்து காலிலிருந்து ஒரு சாண் விலகும் நொடிக்குக் காத்திருந்து எடுத்தான். அவனுக்குள் இப்படி ஒரு ஆட்டக்காரன் இருந்தது அவனுக்கே தெரியாது, எனக்கும் தெரியாது. மஜீத் காக்கா கூட ஒரு கட்டத்தில் எழும்பி நின்று கைதட்டினார், பிறகு என் பக்கம் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இடைவேளைக்குப் பிறகு நாங்கள் ஒன்று போட்டோம். அவர்கள் ஒன்று போட்டார்கள். வெயில் தணிந்தது. நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். அப்போது நௌஷாத் ஒரு தரம், ஒரே தரம், இஸ்மாயிலுக்கு அரை அடி முன்னால் வந்தான். கோலியின் பாரம் இடதுகாலில் இருந்தது. நான் கண்டேன், அவனும் கண்டான். பந்து வலைக்குள் போனது. அடித்த வேகத்தில் அவன் குப்புற விழுந்தான்.

கல்முனைச் சனம் மைதானத்துக்குள் பாய்ந்தது. நான் நொண்டி நொண்டி ஓடினேன். எதிர்ப்பக்கத்திலிருந்து தங்கராசா அண்ணன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். இரண்டு பேரும் கோலைப் பார்க்கவில்லை, முழங்காலைப் பார்த்தோம். சிப்பி ஓடு ஒன்று கிழித்து, விரல் நீளத்துக்கு இரத்தம். இஸ்மாயில் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, நான் தொடவேயில்லை காக்கா, பள்ளிவாசல்ல வந்தும் சொல்றன் என்று நின்றான்.

கோப்பையைத் தங்கராசா அண்ணன் யாரிடமோ கொடுத்துவிட்டார். தோற்ற நானும் வென்ற அவரும் நடுவில் நௌஷாத்தை வைத்து, கிணற்றடியில் காயத்தைக் கழுவி, சாரத்தை இறக்கிக் கட்டச் சொல்லி, ஒழுங்கையால் வேகமாக நடந்தோம். இஸ்மாயிலும் சாட்சி சொல்ல என்று பின்னால் வந்தான். பின் கடப்பை அடையும்போது பாங்கு தொடங்கவில்லை. அது ஒன்றுதான் எங்கள் பக்கம் இருந்த நியாயம்.

சுலைகா மாமி இந்தத் தரம் திரைக்குப் பின்னால் இல்லை, முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக் குசினி வாசலில் நின்றார். மருமகன் நடக்கிற விதத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். சாரத்தை உயர்த்தச் சொன்னார். காயத்தைக் குனிந்து பார்த்தார்.

"கத்தின சத்தம் இஞ்ச வரைக்கும் கேட்டிச்சி. ஆரு கோல் போட்ட?"

"இவர்தான்," என்றேன்.

"கடைசிக் கோலா?"

"ஓம்."

உள்ளே திரும்பி, மஞ்சளும் எண்ணெயும் கொண்டு வரச் சொன்னார். நௌஷாத் தப்பினேன் என்று உள்ளே நழுவினான். மாமி எங்களுக்குப் பின்னால், கடப்பில் தலை இடிக்காமல் குனிந்து நின்ற இஸ்மாயிலைப் பார்த்தார்.

"இந்தப் பெரிய ஆள் ஆரு?"

இவன்தான் உங்கள் மருமகனை முழு ஆட்டமும் நிறுத்தி வைத்தவன், ஒரு விரல் படாமல் என்றேன். மாமி அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"கலியாணம் பேசி இரிக்கா?"

எங்கள் அணியில் அன்று மிச்சமிருந்த ஒரே தூண் அவன். பள்ளிவாசலில் பாங்கு தொடங்கியது. பக்கத்தில் தங்கராசா அண்ணன் ஒன்றும் தெரியாதவர் போல வானத்தைப் பார்த்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்த பேனையை எடுத்து என் பக்கம் நீட்டினார்.